நால்வர் கூடினால் மட்டும்

கூட்டாக ஆடும் ராணுவ ஆட்டங்களை எடைபோட ஒரு கேள்வி போதும் என்பது என் கட்சி: பக்கத்தில் இருப்பவர் இல்லாவிட்டால் ஆட்டத்தில் ஏதாவது குறையுமா? பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் 2017 மார்ச் 7 அன்று வெளியிட்ட ‘கோஸ்ட் ரீகான் வைல்ட்லேண்ட்ஸ்’ இதற்கு ஆமாம் என்றும் சொல்கிறது, இல்லை என்றும் சொல்கிறது.

பொலிவியாவை சாந்தா பிளாங்கா என்ற மெக்சிகோ போதைக் கும்பல் வளைத்துப் போட்டுவிட்டது. அமெரிக்கப் போதைத் தடுப்பு அதிகாரி ஒருவரைக் கும்பல் கொன்றுவிட, அதன் கிளைகளை ஒவ்வொன்றாக அறுக்க நான்கு சிறப்புப் படை வீரர்கள் இறங்குகிறார்கள். கதை இவ்வளவுதான்; இதற்கு மேல் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே.

ஆட்டத்தின் உயிர் நிலத்தில் இருக்கிறது. உயுனி உப்புப் பாலை, ஆண்டிஸ் மேட்டுநிலம், மழைக்காடு என்று விரியும் 21 மாகாணங்கள். எங்கே தொடங்குவது, எந்தப் பக்கமிருந்து நுழைவது என்பதெல்லாம் ஆடுபவர் முடிவு. நால்வரையும் ஒன்றாகக் கட்டிப்போடும் கயிறும் கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் நிற்கலாம். ஒரு முகாமைப் பிடிக்க வேண்டும் என்று வையுங்கள். ஒருவர் ட்ரோனை அனுப்பிக் காவலர்களைக் குறித்துத் தருகிறார். இன்னொருவர் மேட்டில் ஸ்னைப்பரோடு படுத்திருக்கிறார். மூன்றாமவர் ஜெனரேட்டரை அணைத்து முகாமை இருட்டாக்குகிறார். நான்காமவர் சங்கு ஊதும் கருவியைச் செயலிழக்க வைக்கிறார். பிறகு மைக்கில் மூன்று, இரண்டு, ஒன்று. நான்கு துப்பாக்கியும் ஒரே நொடியில் வெடிக்கின்றன. இந்தத் திட்டம் பலித்தால் மகிழ்ச்சி. பாதியில் சொதப்பி, ஆளுக்கொரு பக்கம் ஓடி, கிடைத்த ஹெலிகாப்டரில் தொற்றிக்கொண்டு தப்பினால் அதைவிட மகிழ்ச்சி. இந்த இரண்டையும் ஒரே களத்தில் தரும் ஆட்டங்கள் குறைவு.

ஆனால் இதெல்லாம் ஆடுபவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட ஒழுங்கு. ஆட்டத்தின் விதி அல்ல. தனியாக ஆடினால் கணினி மூன்று தோழர்களைத் தருகிறது. அவர்கள் வெட்டவெளியில் நடமாடினாலும் எதிரிகள் கண்டுகொள்வதில்லை. இலக்குகளைக் குறித்துக் கொடுத்தால் ஒரே நேரத்தில், குறி தவறாமல் வீழ்த்திவிடுகிறார்கள். சரி, ஒரு நண்பரைச் சேர்த்துக்கொள்வோம் என்றால், மூவரும் மாயமாகிவிடுகிறார்கள். மறைந்து தாக்கும் வேலையில், ஒருவராக ஆடும்போது இருக்கும் பலம் இருவராக ஆடும்போது இல்லை. கூட்டாட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படி ஒரு கணக்கை எப்படி விட்டுவைத்தார்களோ!

போதாததற்கு, மருத்துவர், பொறியாளர் என்ற பங்கீடும் இல்லை. எல்லோரும் எல்லாத் திறனையும் பெறலாம். அப்புறம் யாருக்கு யார் தேவை?

மற்ற குறைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். வண்டியைக் கடத்து, சரக்கைக் குறி, ஆளைப் பிடித்து விசாரி என்று மூன்றாவது மாகாணத்துக்குள் பணிகள் திரும்பத் தொடங்கிவிடுகின்றன. யூனிடாட் என்ற அரசுப் படை பின்தொடர்ந்தால் முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். எதிர்த்து நிற்பதற்கு அர்த்தமில்லை, ஓடத்தான் வேண்டும்.

நாட்டைப் பற்றிய குறை அப்படிக் கடந்துவிடக் கூடியதல்ல. தங்கள் நாட்டைப் போதைக் கும்பலின் ஆட்சியாகக் காட்டியதற்காக பொலிவிய அரசு பிரெஞ்சுத் தூதரகத்தில் முறையாகப் புகார் கொடுத்தது. இது கற்பனைக் கதை என்று நிறுவனம் பதில் சொன்னது. கற்பனைக்கு உரிமை உண்டு. என் குறை அதுவல்ல. அமெரிக்கப் போதைத் தடுப்பு அமைப்பை 2008-இலேயே வெளியேற உத்தரவிட்ட நாடு அது. ஆட்டம் வெளியான மறுநாள், கோகா பயிரிட அனுமதிக்கும் பரப்பை 12,000 ஹெக்டேரிலிருந்து 22,000 ஆக உயர்த்தும் சட்டத்தில் அதிபர் ஈவோ மொராலெஸ் கையெழுத்திட்டார். கோகா இலையை மெல்லுவது அங்கே பழைய வழக்கம். இத்தனை சிக்கலும் கையெட்டும் தூரத்தில் இருந்தும், ஆட்டத்துக்கு அங்கிருந்து வேண்டியிருந்தது மலையும் உப்பும்தான். ஆட்டத்தில் வரும் உள்ளூர்க் கிளர்ச்சியாளர்கள்கூட, அழைத்தால் வண்டி அனுப்பும், பீரங்கிக் குண்டு போடும் பொத்தான்களாகவே நிற்கிறார்கள்.

2018-இல் இலவசமாகச் சேர்த்த ‘கோஸ்ட் மோடு’ ஆட்டத்தைப் பெருமளவு திருத்தியது. அதில் செத்தால் அந்தப் பாத்திரம் போனதுதான். தோழர் மேல் குண்டு பட்டாலும் காயம் உண்டு. மிச்சக் குண்டுகளோடு மேகசினை மாற்றினால் அந்தக் குண்டுகளும் போயின. அப்போதுதான் பக்கத்தில் இருப்பவரின் உயிருக்கு விலை வந்தது. முதல் நாளிலேயே வந்திருக்க வேண்டியது. அந்தப் பாடத்தையும் 2019-இல் வந்த அடுத்த பாகமான ‘பிரேக்பாயிண்ட்’ காற்றில் விட்டது; ஆயுதங்களுக்கு எண் மதிப்பு ஒட்டி, தனியாக ஆடவும் இணையத் தொடர்பு வேண்டும் என்றது. கணினித் தோழர்களை 2020-இல்தான் திருப்பிக் கொடுத்தது. அந்த ஒப்பீட்டில் வைல்ட்லேண்ட்ஸ் உயர்ந்தே நிற்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: நான்கு பேர் நிச்சயம் கூடுவீர்கள் என்றால், தள்ளுபடி விலையில் வாங்குங்கள், ஆட்டம் பிடிபட்டதும் கோஸ்ட் மோடுக்கு மாறிவிடுங்கள். தனியாள் என்றால் பத்து மணி நேரத்தில் அலுத்துவிடும். இருவராக ஆட நினைப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.