ஒளிவில்லாத வண்டி

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானெட்டைத் திறப்பதே ஒரு தனி இன்பம். கதவுக்குச் சற்று முன்னால், இரு பக்கமும் கீழே ஒரு கொக்கி இருக்கும். இரண்டையும் விடுவித்துப் பின்விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் மூடி மட்டும் எழுவதில்லை. மட்கார்டுகள், ஹெட்லைட்டுகள், கிரில் என்று முன்பாதித் தகடு முழுவதும் ஒரே துண்டாக எழுந்து முன்னால் சாய்ந்து நிற்கும். எஞ்சின், ரேடியேட்டர், ஸ்டியரிங் ராடு, முன்சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் சுருள்வில் என எல்லாம் ஒரே நொடியில் வெளிச்சத்துக்கு வந்துவிடும். மெக்கானிக் இடுப்பை ஒடித்துக் குனிய வேண்டியதில்லை. முன்டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். பாயின்ட் செட்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கலாம். பழுது பார்ப்பவருக்கு உட்கார இடம் போட்டுக் கொடுத்த வண்டி இது.

1966-ல் வந்த, இரண்டு கதவுள்ள மார்க் 2 ஹெரால்டு ஒன்று ஒரு வருடமாக என்னிடம் இருக்கிறது. இப்போது கொடுக்கப் போகிறேன். சென்னையில் நாங்கள் இருக்கும் பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். அடுத்துப் போகும் வீட்டில் வண்டிக்குக் கூரை கிடையாது. உப்புக் காற்று வீசும் ஊரில் அறுபது வயதுத் தகட்டை வெயிலிலும் மழையிலும் நிறுத்தி வைப்பது அநியாயம். திருச்சியில் நல்ல கொட்டகையும் அதைவிட நல்ல ஆர்வமும் உள்ள இளைஞர் ஒருவர் வாங்கிக்கொள்கிறார். கை மாறுவதற்குள் இதன் நயங்களை ஒருமுறை நிதானமாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் இந்தியச் சாலைகளில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை மூன்று வகைக்குள் அடங்கிவிடும். அம்பாசிடர் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் பிறந்தது. ஃபியட் பம்பாயின் குர்லாவில் பிறந்தது. ஹெரால்டு நம் வண்டலூரில் பிறந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-ல் இங்கே அதைச் செய்யத் தொடங்கியது. மூலவடிவம் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து டிரையம்ஃப் ஹெரால்டு. அங்கே அது 1959-ல் வெளிவந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலியில், டூரின் நகரத்தில் இருந்த ஜியோவான்னி மிக்கலோட்டி. ஹெட்லைட்டின் மேல் இமைபோல் இறங்கும் விளிம்பும், பின்னால் இரு பக்கமும் கூர்மையாக நிமிர்ந்து முடியும் சிறு செதில்களும், மெலிந்த தூண்கள் மேல் கனமில்லாமல் நிற்கும் கூரையும் அவர் கைவண்ணம். நான்கு மீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள வண்டியில் ஒரு கோடுகூட அடுத்த கோட்டோடு முட்டிக்கொள்ளவில்லை. மாலை வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஹெட்லைட்டில் புறப்படும் கோடு கதவைக் கடந்து செதில்வரை தடங்கலின்றி ஓடுவது தெரியும்.

இந்த அழகுக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ரசனை இன்னும் கூடும். டிரையம்ஃபுக்குத் தகடு அடித்துக் கொடுத்துவந்த ஆலை போட்டி நிறுவனமான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அடித்து வாங்க வழியில்லை. அதனால் உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு ஆலைகளில் அடித்து, கடைசியில் போல்ட் போட்டுச் சேர்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். மற்ற நிறுவனங்கள் தனிச் சேசிஸைக் கைவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஹெரால்டு முதுகெலும்புபோல் நடுவில் ஓடும் சேசிஸின் மேல் உட்கார்ந்தது அதனால்தான். முன்பகுதி ஒரு துண்டு, பின்பகுதி ஒரு துண்டு, கூரை தனி, கதவுக்குக் கீழே ஓடும் நீளத் தகடும் தனி. துண்டு துண்டாகக் கப்பலில் அனுப்பிக் கடல் கடந்த ஊர்களில் பூட்டுவதற்கும் இந்த அமைப்பு தோதாக இருந்தது. சென்னைக்கு ஒரு கார் கிடைத்த கதையில் இந்தப் போல்ட்டுகளுக்கும் பங்கு உண்டு.

ஆகவே ஹெரால்டை ரசிப்பது என்பது அதன் இணைப்புகளை ரசிப்பதுதான். கூரையின் பின்தூண் உடலோடு சேருமிடத்தில் ஒரு கோடு தெரியும். மெருகு போட்டு மறைக்க யாரும் முயலவில்லை. துடைக்கும்போது விரல் அந்தக் கோட்டில் ஒரு கணம் நிற்கும். இங்கே இரண்டு துண்டுகள் கூடியிருக்கின்றன என்று வண்டியே சொல்லும். ஒரு தகடு துருப்பிடித்தால் அதை மட்டும் கழற்றிச் சரிசெய்து மறுபடி பூட்டலாம். குண்டுங்குழியுமான சாலையில் எங்காவது ஒரு கிறீச்சொலி கேட்டால், எந்த மூலையில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று காதாலேயே ஊகிக்கலாம். ஒரு வருடத்தில் அந்தக் காது எனக்கு வந்துவிட்டது.

அடுத்து, அது திரும்பும் அழகு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்சக்கரங்கள் நம்ப முடியாத கோணத்துக்கு மடங்கும். 25 அடி அகலம் இருந்தால் ஒரே மூச்சில் முழு வட்டம் போட்டுவிடும். சிறிய வட்டத்துக்குப் பேர்போன லண்டன் டாக்ஸியின் கணக்கும் இதேதான். திருவல்லிக்கேணியின் சந்துகளில் பெரிய வண்டிகள் முன்னும் பின்னுமாகத் தவித்துக்கொண்டிருக்க, ஹெரால்டு ஒரே சுற்றில் திரும்பி வந்த வழியே போய்விடும். ஸ்டியரிங்கில் கனமே இருக்காது. மேடு பள்ளமெல்லாம் உள்ளங்கைக்குத் தெரியும். ஒரே ஒரு மரியாதையை அது எதிர்பார்க்கிறது: வண்டி நிற்கும்போது முழுக்க ஒடிக்கக் கூடாது, மெல்ல உருளவிட்டுத்தான் ஒடிக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் தேயும்.

பின்சக்கரங்களின் கதை வேறு. அம்பாசிடரில் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே ஆக்ஸில் கட்டிப்போட்டிருக்கும். ஹெரால்டில் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்கும். குறுக்காக ஒரே ஒரு பட்டைவில் கட்டு. நடுவில் டிஃபரன்ஷியலின் தலையில் அதைப் பூட்டியிருக்கிறார்கள், இரு முனைகளிலும் இரு சக்கரங்கள். ஜாக்கி போட்டுப் பின்புறத்தைத் தூக்கினால், தூக்கிய கோழி காலை மடக்குவதுபோல் இரண்டு சக்கரங்களும் அடிப்பக்கம் உள்நோக்கி மடங்கும். பின்சீட்டில் ஆட்கள் ஏறி, டிக்கியில் மூட்டையும் ஏற்றினால் அவையே அடிப்பக்கம் விரிந்து நிற்கும். வண்டி எவ்வளவு சுமக்கிறது என்பதைப் பின்னால் நின்று பார்த்தே சொல்லிவிடலாம். வேகமான திருப்பத்தில் இந்த அமைப்புக்கு ஒரு குணம் உண்டு: பாதித் திருப்பத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்புறம் எம்பி, வெளிச்சக்கரம் மடங்கப் பார்க்கும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திரும்பும்போது லேசாக மிதித்தபடியே போக வேண்டும். அப்படி ஓட்டினால் வண்டி வழுக்கிக்கொண்டு போவதுபோல் திரும்பும். நிதானத்தை இவ்வளவு இதமாகக் கற்றுத்தரும் வண்டியை நான் ஓட்டியதில்லை.

கியரும் அப்படித்தான். அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருந்த நாளில், ஹெரால்டில் அது தரையிலிருந்து எழுந்து நேராகக் கைக்கு வந்தது. நான்கு கியர்களில் முதல் கியருக்கு மட்டும் சின்க்ரோ கிடையாது. வண்டி முழுக்க நின்ற பிறகு போட்டால் சத்தமில்லாமல் விழும். அவசரப்பட்டால் பற்கள் கடகடக்கும். 948 சி.சி. எஞ்சின்தான். இன்றைய கணக்கில் சின்னது. ஆனால் காலையில் சோக்கை இழுத்துச் செல்ஃப் அடித்து, மெல்ல மெல்லச் சோக்கை உள்ளே தள்ளும்போது, திணறலோடு எழும் சத்தம் சீராகி ஒரே தாளத்தில் நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தைக் கேட்டுக் கண்டுபிடிப்பதற்காகவே சீக்கிரம் எழுந்த நாட்கள் உண்டு.

ஆனாலும் இந்த வண்டியில் எனக்கு மிகப் பிடித்த பாகம் வெளியே தெரியாது. முன்சக்கரம் இடமும் வலமுமாகத் திரும்ப ஒரு தண்டு வேண்டும் அல்லவா? அதன் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கிறார்கள். அது பித்தளை போன்ற ஓர் உலோகக் குவளைக்குள் திருகி நிற்கிறது. டிரனியன் என்பார்கள். ஒவ்வொரு முறை ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் அந்த மரை குவளைக்குள் இம்மியளவு ஏறும் அல்லது இறங்கும். நெரிசலில் தெரு மாறும்போது சக்கரத்துக்கு அருகே ஒரு திருகாணி அமைதியாகச் சுழன்றுகொண்டிருக்கிறது என்ற நினைப்பே எனக்கு மகிழ்ச்சி தரும். புதுப்பேட்டைப் பக்கம் இந்த வண்டிகளோடு வயதான மெக்கானிக் பெரியவர் ஒருவர் முதல் நாளே கையைப் பிடித்துச் சொன்னார்: "சார், எல்லாரும் இங்க கிரீஸ் அடிப்பாங்க. நீங்க அடிக்க விடாதீங்க. எண்ணெய்தான். தொண்ணூறு நம்பர் கியர் ஆயில்." கிரீஸ் காலப்போக்கில் இறுகி மரையின் அடிவரை போகாது. உள்ளே ஈரம் தங்கும், இரும்பு அரிக்கும், ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் சாயும். எண்ணெய் என்றால் கடைசி மரைவரை இறங்கும். வண்டியின் ஆயுளே அந்தச் சில சொட்டு எண்ணெயில் இருக்கிறது.

வண்டலூர் வெறுமே பூட்டிக் கொடுத்த இடம் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் ஹெரால்டு கடைசிவரை இரண்டு கதவுகளோடு நின்றுவிட்டது. குடும்பத்தோடு போகிறவர்களுக்காக அதற்கு நான்கு கதவு வைத்தவர்கள் நம்மவர்கள். 1968-ல் மார்க் 3 அப்படித்தான் வந்தது. நம் சாலைக்கும் நம் மெக்கானிக்குக்கும் அந்தத் தனித்தனிப் பின்சக்கரங்கள் ஒத்துவரவில்லை என்று கண்டு, ஒரே ஆக்ஸில் பூட்டி 1970-களின் தொடக்கத்தில் கெஸல் என்ற வண்டியைக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் அதே 948 சி.சி.தான். 1977-ல் அதுவும் நின்றது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரோடு மறுபடி முயன்றார்கள். அதுவும் சில ஆண்டுகளில் முடிந்துபோயிற்று. வண்டலூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களில் பலருக்கு இங்கே கார் பிறந்தது தெரியாது. தெரிந்தவர் சிக்னலில் கண்ணாடியை இறக்கி, "மெட்ராஸ் வண்டி!" என்று சந்தோஷமாகக் கூவுவார்.

கொடுப்பதற்கு ஆயத்தம் செய்வதும் ரசித்துச் செய்யும் வேலையாகிவிட்டது. காகித வேலை சுலபம். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து. மாநிலத்துக்குள்ளேயே விற்பதால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு நான் தகவல் சொல்ல வேண்டும். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021 முதல் வழியிருக்கிறது. அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது. வாங்குகிறவர் ஓட்ட விரும்புகிறார். எனவே வழக்கமான பதிவுதான். ஆர்.சி.யில் எம்.எஸ். என்று தொடங்கும் பழைய எண்ணும் அப்படியே தொடர்கிறது. அது எனக்கு ஆறுதல்.

பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கவில்லை. கதவுகளின் அடியில் மழைநீர் வடியும் துளைகளைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தேன். பழைய பெட்ரோல் குழாய்களை எடுத்துவிட்டு, எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் புதியவற்றை மாட்டினேன். டிரனியன்களில் எண்ணெய் அடித்து, பழையது வெளியே வழியும்வரை விட்டேன். டிக்கியில் ஒரு ஃபேன் பெல்ட், பாயின்ட் செட், கண்டென்சர், சரியான அளவு ஸ்பேனர்கள். கூடவே ஒரு நோட்டு. முதல் கியர், திருப்பம், எண்ணெய், மழைத் துளைகள் எல்லாவற்றையும் அதில் எழுதியிருக்கிறேன்.

பார்க்க வந்த இளைஞர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். நான் டயரைக் காட்டினேன். உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து முன்சக்கரத்துக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவி, முகர்ந்து பார்த்து, "ஆயில்தானே சார் போட்டிருக்கீங்க?" என்றார். விலையைப் பற்றி அதற்குப் பிறகு நான் பேரம் பேசவில்லை.

தன்னை முழுக்கத் திறந்து காட்டும் பொருளை வைத்திருப்பவருக்கு ஒரு கடமை உண்டு. கண்டதை மறைக்காமல் அடுத்தவருக்குக் காட்டிவிட வேண்டும். எங்கே எண்ணெய், எங்கே நிதானம் என்று தெரிந்தவர்கள் கையில் கைமாறி வந்ததால்தான் அறுபது ஆண்டாக இது ஓடுகிறது. எனக்கு முன் இதை வைத்திருந்தவர்கள் அதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்பதற்கு இந்த வண்டியே சாட்சி. என் ஒரு வருடமும் அந்த வரிசையில் சேர்ந்தால் போதும்.