கதிரையை நகர்த்திய அன்று

கேளுங்கோ, இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நாற்பது வருடமாய்க் கேட்ட பாட்டுகளை இப்போதுதான் முழுதாய்க் கேட்கிறேன். செலவு ஒரு சதமும் இல்லை. சரி, அது பொய். சாக்குத் தைக்க நூல் வாங்கினேன்.

மன்னார்த் தீவின் பேசாலையில் வளர்ந்தவன் நான். எங்களுக்குப் பாட்டு வந்த வழி இரண்டு. வீட்டில் இலங்கை வானொலி, பெருநாளென்றால் கோயில் முற்றத்து மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். குழாய் ஸ்பீக்கர் பாட்டைக் கடலில் நிற்கிறவன் காதுவரை கொண்டுபோகும். ஆனால் அந்தச் சின்ன வாயால் தாழ்ந்த சுரம் வெளியே வராது. ட்ரான்சிஸ்டரும் அப்படித்தான். மேலே கேட்கிற ஒலிகளை வைத்து அடிச்சுரம் இன்னதென்று மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்ளுமாம். நான் பாதி வாழ்க்கையை ஊகத்திலேயே ஓட்டியிருக்கிறேன்!

கனடாவிலிருந்து வந்த மச்சான் போன வருடம் ஒரு செற்றை விட்டுப்போனார். ஒரு அம்ப்ளிபயர், இரண்டு பொக்ஸ், எட்டு அங்குல சப்வூஃபர். முன்னறையின் நட்டநடுவில் கதிரையைப் போட்டு, ராசா மாதிரி இருந்து, பாட்டைப் போட்டேன். பேஸ் எனப்படும் அந்தத் தாழ்ந்த சுரம் இல்லை. திருகியைக் கூட்டினேன், யன்னல் கண்ணாடிதான் நடுங்கியது. தெற்குக் கரையில் நிற்கிற தம்பபவனிக் காற்றாலைகள் முப்பதும் ஒன்றாய் முனகுவது போல ஒரு இரைச்சல், அவ்வளவுதான்.

கொழும்பில் சவுண்ட் வேலை செய்கிற பெறாமகன் லீவில் வந்தவன், வாசலில் நின்றபடியே சொன்னான்: “சித்தப்பா, செற்றில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் இருக்கிற இடம்தான் பிழை. எழும்பி அந்தச் சுவரடிக்குப் போங்கோ.”

போனேன். ஐயோ! நிலத்துக்குக் கீழே இருந்து யாரோ எழும்பி வந்தது போல இருந்தது. அதே செற், அதே பாட்டு, பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு கம்பியும் வயிற்றில் தொட்டது.

அவன் அளவுநாடாவை எடுத்தான். அறை பதினான்கு அடி நீளம். எங்கள் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீற்றர் ஓடும். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு 41 தடவை அதிரும். அப்படியென்றால் ஒரு அலையின் நீளம் கிட்டத்தட்ட 28 அடி. அதில் சரிபாதிதான் என் அறை! தொட்டித் தண்ணீரை ஆட்டிப் பாருங்கோ. இரண்டு கரையிலும் ஏறி இறங்கும், நடுவில் மட்டம் அசையாது. அசையாத அந்த நடுவில்தான் நான் ராசாவாய் இருந்திருக்கிறேன். சுவரோடு ஒட்டி இருந்தாலும் முழக்கம் மிஞ்சிப்போகும். பின்சுவரிலிருந்து நாலரை அடி விட்டுக் கதிரையைப் போட்டோம்.

பிறகு செய்ததைப் பார்த்து மனிசி சிரித்தாள். சப்வூஃபரைத் தூக்கி என் கதிரையில் வைத்துவிட்டு, பாட்டைப் போட்டு, சுவரோரமாய் நான் தவழ்ந்து திரிந்தேன். எந்த இடத்தில் பேஸ் துப்புரவாய்க் கேட்கிறதோ, அங்கேதான் சப்வூஃபரை வைக்க வேண்டும்.

“எதைத் துலைச்சனீங்கள்?”

“பேஸை.”

அலுமாரிக்குப் பக்கத்தில் கிடைத்தது. அந்தக் குனிவில்தான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இடது பொக்ஸின் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் நானே மாற்றிக் கொழுவியிருக்கிறேன். ஒரு பொக்ஸ் தள்ள மற்றது இழுக்க, தாழ்ந்த சுரமெல்லாம் ஒன்றையொன்று தின்றிருக்கிறது. வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

சாக்குக் கதை இதுதான். பொக்ஸ் வைத்த முக்காலிகளும் கூடச் சேர்ந்து பாடின. இங்கிலாந்தில் வார்ஃப்டேல் ஸ்பீக்கர்களை உருவாக்கிய கில்பர்ட் பிரிக்ஸ் 1950களில் பலகைகளுக்கு நடுவே மணல் நிரப்பி அதிர்வை அடக்கினார். மணலுக்கா மன்னாரில் பஞ்சம்? நல்ல தண்ணீரில் கழுவி உப்புப் போக்கி, இரண்டு நாள் காயவைத்து, சாக்கில் தைத்துப் பொக்ஸுக்குக் கீழே வைத்தேன். முக்காலிகள் வாயை மூடின. மிச்ச முழக்கத்துக்கு யன்னலைத் திறந்துவிட்டால் போதும். ஓரளவு வெளியே போய்விடும். சோளகம் வீசும் மாதங்களில் மட்டும் அது சரிவராது, காற்றே பாடத் தொடங்கிவிடும்.

அன்றிரவு 1981இல் வந்த ‘பன்னீர் புஷ்பங்கள்’ படப் பாட்டுகளைப் போட்டேன். அதற்கு இசையமைத்த இளையராஜாவுக்குப் பல காலம் பேஸ் கிட்டார் வாசித்தவர் சசிதரன் என்று எப்போதோ படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு நடக்கிறது! பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் அது எட்டிப் பார்க்கும், அவர் தொடங்கியதும் பணிந்து போகும். எனக்கு மனப்பாடமான மெட்டுத்தான். ஆனால் யார் கையைப் பிடித்துக்கொண்டு அது நடந்ததென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மனிசி குசினியிலிருந்து வந்து கதவடியில் நின்றாள். “இந்தப் பாட்டில இதெல்லாம் இருந்ததோ?” என்றாள். “இஞ்ச வந்து இரும்” என்று எழும்பிக் கதிரையைக் கொடுத்தேன்.

சரியான இடம் அந்த அறையில் ஒன்றே ஒன்றுதான். ஒரு மாதமாய் அவள்தான் அதில் இருக்கிறாள். நான் திரும்பவும் நட்டநடுவில்.