தமிழ் எண்ணுருக்களில் இடமும் மதிப்பும்: ஒரு மறுபார்வை

தமிழின் பழைய எண்முறையில் சுழியம் இல்லை. ஆகவே அதில் இலக்கம் நிற்கும் இடத்திற்குப் பொருளும் இல்லை என்று கருதுவோர் உளர். இக்கருத்தின் முற்பகுதி சரியானது, பிற்பகுதி மறுபார்வைக்குரியது.

அம்முறையில் ௰, ௱, ௲ ஆகியன முறையே பத்து, நூறு, ஆயிரத்தைக் குறிக்கும் தனி உருக்கள். ௩௰ என்பது முப்பது. ௰௩ என்பது பதின்மூன்று. உருவுக்கு முன் நிற்கும் இலக்கம் அதனைப் பெருக்குகிறது. பின் நிற்பது அதனோடு கூடுகிறது. எனவே இடம் இங்கும் பொருளுடையதே. ஆனால் அது மதிப்பைத் தருவதில்லை; பெருக்கலா கூட்டலா என்பதையே தீர்மானிக்கிறது. மதிப்பைத் தனி உருவே சுமப்பதால், 205 என்பதை ௨௱௫ என எழுதுகையில் பத்தின் இடம் வெறுமையாயிருப்பதைக் காட்ட வேண்டியதில்லை. ௨௦௫ என்னும் பிற்கால முறையிலோ சுழியம் இன்றியமையாதது. ஆகவே சுழியமின்மை குறைபாடு அன்று, அம்முறையின் இயல்பு.

இவ்வெழுத்துமுறை பேச்சின் படியெடுப்பு என்பதும் முழுமையாகப் பொருந்தாது. 90 என்பதன் எழுத்துவடிவம் ௯௰. பெயரோ 'நூறு' ஒலிக்கும் தொண்ணூறு. தொல்காப்பியக் குற்றியலுகரப் புணரியல் இப்பெயரை ஒன்பது, பத்து ஆகியவற்றின் புணர்ச்சியாகவே விளக்குகிறது. இலக்கணம் கூறும் உறுப்புகள் எழுத்தில் வெளிப்படையாக உள்ளன, பேச்சில் மறைந்துள்ளன.

ஆதலின், சுவடிப் பதிப்பில் ௨௱௫ என்பதை ௨௦௫ என மாற்றுவது வெறும் வடிவமாற்றம் அன்று. தொகை மாறுவதில்லை, எண்ணிய முறைக்கான சான்று அழிகிறது. மூல வடிவை அவ்வாறே தந்து, இக்கால இலக்கத்தை அடைப்புக்குறியுள் சேர்ப்பதே பதிப்பு நெறிக்கு ஏற்றது.