மேலாடையில் ஒரு தேசப்படம்

விளையாட்டில் அரசியலைக் கலக்கக்கூடாது என்பது உதைபந்தாட்ட நிர்வாகங்கள் ஓயாமல் ஓதும் மந்திரம். இம்மந்திரம் யாரைக் காக்கிறது, யாருடைய வாயை அடைக்கிறது என்பதை அறிய ஆட்டக்காரர்களின் மேலாடைகளைப் பார்த்தாலே போதும். தேசிய அணியின் சீருடை என்பதே ஓர் அரசியல் ஆடை. கொடி, இலச்சினை, தேசிய நிறம் எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டு, அதற்குமேல் ஒரு சொல் வந்ததும் 'அரசியல்' எனக் கூச்சலிடுவது விநோதமானது.

2021இல் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகளுக்கு உக்ரேன் கொண்டுவந்த மஞ்சள் மேலாடையை எடுத்துக்கொள்வோம். நெஞ்சில் நாட்டின் எல்லைக்கோடு. 2014இல் ரஷ்யா தன்னோடு இணைத்துக்கொண்ட கிரிமியாவும் அதற்குள். முதுகுப்புறம் 'உக்ரேனுக்குப் புகழ்'. கழுத்தின் உட்புறம் 'வீரர்களுக்குப் புகழ்'. ரஷ்யா ஆட்சேபித்தது. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியம், முன்னர் தானே அனுமதித்த ஆடையை மீண்டும் ஆராய்ந்து ஜூன் 10ஆம் திகதி தீர்ப்பளித்தது. தேசப்படம் இருக்கலாம்; ஐ.நா. பொதுச்சபையின் 68/262ஆம் இலக்கத் தீர்மானம் அவ்வெல்லைகளை ஏற்கிறது. முதற் சுலோகமும் தனித்து நின்றால் அரசியலற்றது. இரண்டாவதும் சேர்ந்தால் வரலாற்று, இராணுவ அர்த்தம் பெற்று அரசியலாகிவிடுகிறது. எனவே உட்புறச் சுலோகம் நீங்கவேண்டும்.

இத்தீர்ப்பின் தர்க்கம் கவனத்திற்குரியது. எந்த எல்லைக்காக மனிதர் செத்துக்கொண்டிருந்தனரோ, அந்த எல்லைக்கோடு அரசியலல்ல. எவர் கண்ணிலும் படாது கழுத்தில் உரசும் இரண்டு சொற்கள் அரசியல். எல்லையை அரசியலற்றதாக்கியது 2014 மார்ச்சில் நியூயோர்க்கில் 100 நாடுகள் அளித்த வாக்கு. 11 நாடுகள் எதிர்த்தன. 58 நாடுகள் வாக்களிக்காது ஒதுங்கின. அங்கீகாரம் பெற்றவனின் தேசப்படம் பூகோளம். பெறாதவனின் தேசப்படம் அரசியல். இதுவே ஒன்றியத்தின் நடுநிலைமை.

ஆனால் நிர்வாகத்தைக் கண்டித்துவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. அச்சுலோகச் சோடிக்கு ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாம் உலகயுத்த காலத்து உக்ரேனியத் தேசியவாத இயக்கத்தவர் ஒருவரையொருவர் வாழ்த்திய சொற்கள் அவை. அவ்வியக்கத்தின் கைகளில் யூதர்களின் இரத்தமும், 1943இல் வொலினியாவில் கொல்லப்பட்ட போலந்து மக்களின் இரத்தமும் உண்டு. 2014 மைதான் எழுச்சியில் அதே சொற்களை உரத்துக் கூவியவர்களிற் பெரும்பாலோர் அந்தக் கொலைகளை நினைத்துக் கூவவில்லை என்பதும் உண்மை. சொற்கள் புதிய வாய்களில் புதிய பொருள் பெறும். ஆயினும் பழைய பிணங்கள் அதனால் எழுந்து போய்விடுவதில்லை.

இத்தாலி இதற்கு நல்ல உதாரணம். அதன் நீலம் சவோய் அரசகுலத்தின் நிறம். 1946இல் மக்கள் வாக்களித்து முடியாட்சியை ஒழித்தனர். நீலம் மட்டும் நிலைத்தது. இன்று அதை அணிபவன் மன்னனை நினைப்பதில்லை. 1938 உலகக்கிண்ணத்திலோ வேறு கதை. மார்செய்யில் நோர்வேயுடனான ஆட்டத்தில், பிரான்சில் தஞ்சம் புகுந்திருந்த இத்தாலிய பாசிச எதிர்ப்பாளர்கள் தம் நாட்டணியைக் கூச்சலிட்டு எதிர்த்தனர். ஒரு வாரத்தின் பின் பாரிசில் பிரான்சைச் சந்தித்தபோது இரு அணிக்கும் நீலமே நிறம். வழமையான மாற்று நிறமான வெள்ளையை விட்டு, இத்தாலி கறுப்புச்சட்டையில் இறங்கி 3-1 என வென்றது. முசோலினியின் குண்டர்படை அணிந்த கறுப்பு அது. நாடிழந்த அந்த இத்தாலியர் தமது நாட்டின் தோல்வியை விரும்பியதால் துரோகிகளா? இக்கேள்வி நமக்கு அந்நியமானதல்ல.

எதிர்ப்பும் இன்று சீருடையில் விற்பனைக்கு வருகிறது. 2022 கட்டார் உலகக்கிண்ணத்திற்கு டென்மார்க்கின் ஆடையைத் தயாரித்த ஹம்மல் நிறுவனம், தன் சின்னத்தை ஆடையின் நிறத்திலேயே மங்கச் செய்து, கறுப்பிலும் ஒன்றை வெளியிட்டு, அது துக்கத்தின் நிறம் என்றது. மைதானங்களைக் கட்டி மாண்ட தெற்காசியத் தொழிலாளர்களுக்காக யாராவது துக்கித்தது நல்லதே. ஆனால் அத்துக்கமும் கடைகளில் விலைக்குத் தொங்கியது. மனித உரிமை அனைவருக்கும் என்று பொறித்த பயிற்சி ஆடையைப் பீஃபா மறுத்தது. மங்கிய சின்னத்தை மறுக்கவில்லை. வாசகம் அவர்களைச் சுடுகிறது. நிறத்தை அவர்களாற் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

அங்கீகாரமற்ற தேசங்களுக்கான கொனிஃபா சுற்றுப்போட்டிகளில், 2014இல் சுவீடனிலும் 2018இல் லண்டனிலும், தமிழீழம் எனும் பெயரில் ஓர் அணி ஆடியது. நமக்கும் ஒரு மேலாடை உண்டு என்பதில் மகிழ்வோர் மகிழட்டும். அதில் எதைப் பொறிப்பது என்பதை எந்த ஒன்றியத்தின் தீர்ப்புக்கும் விடாமல் நாமே விவாதிக்கவேண்டும். அளவுகோலாக ஒரு கேள்வி போதும்: 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பமொன்றின் பிள்ளை, அதை அணிந்து மைதானத்தில் இறங்க மனம் கொள்வானா?