கைபேசிக்குள் வந்த வானம்

2009இல் வெளிவந்த கூகுள் ஸ்கை மேப் செயலிக்குக் கமராவே தேவைப்படவில்லை. கைபேசியை வானத்துக்கு நேரே பிடித்தால் போதும்; அந்தத் திசையில் நிற்கும் வெள்ளிகள் பெயரோடு திரையில் வந்துவிடும். இடத்தை ஜிபிஎஸ் சொல்லும், திசையைக் காந்த உணரி சொல்லும், சாய்வை முடுக்க உணரி சொல்லும், மிச்சமெல்லாம் கணக்கு. அதற்கு முந்திய ஆண்டு வந்த விக்கிடியூட், கமராக் காட்சியின் மேலேயே இடங்களின் பெயர்களை எழுதிக் காட்டியது. ஆனாலும், கண்முன் உள்ள உலகோடு கணினித் தகவலைச் சேர்த்துக் காட்டும் மிகை மெய்ம்மையின் அந்தத் தொடக்கக் காலத்தில் என் மனதை அள்ளியது ஸ்கை மேப்தான்.

கிழக்கிலங்கையின் இலங்கைத்துறைக் கடற்கரை அதற்கு வாய்ப்பான இடம். மாரி ஓய்ந்த மாசி இரவில் தெற்கே பிடித்தால் அகத்திய நட்சத்திரம் தெரியும். லண்டனில் அது உதிப்பதே இல்லை. வடக்கே துருவ வெள்ளி, அடிவானத்திலிருந்து சுமார் 8.5 பாகை உயரத்தில். இந்தக் கரையின் அகலக்கோடும் ஏறக்குறைய அதுவே. வள்ளத்து எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றால் காந்த உணரி சொல்லும் திசை பிசகும். கைபேசியைக் காற்றில் எட்டுப் போடுவதுபோல் சுழற்றினால் சரியாகும்.

எல்லாவற்றிலும் அழகு, அதை மணலை நோக்கிக் கவிழ்ப்பது. காலுக்குக் கீழே, பூமிக்கு அப்பால் நிற்கும் சூரியனைக் காட்டும். பொழுது எங்கே போனது என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நேரான விடையை நான் கண்டதில்லை.