மூளையும் முக்தியும்: தீட்சை பற்றிய அறிவியல் கூற்று ஒரு திறனாய்வு

பூவிருந்தவல்லியிலிருந்து திருவள்ளூர் செல்லும் வழியில் நேமம் என்னும் சிற்றூர் உள்ளது. 'கல்கி பகவான்' என அறியப்பட்ட விஜயகுமார் அவர்களின் இயக்கம் இங்கு ஓர் ஆசிரமத்தை அமைத்தது. 2019 அக்டோபரில் இவ்வியக்கத்தின் இடங்களில் வருமான வரித்துறை நடத்திய சோதனைகள் நம் பொருளல்ல. அவர் அவதாரமா என்பதும் அவருடைய அடியாரின் விசுவாசத்தைச் சார்ந்தது. அதை நாம் இங்கு ஆராய முற்படவில்லை. அறிவியலின் பெயரால் அவ்வியக்கம் கூறிய ஒன்றே நம் ஆய்வுக்குரியது.

தலைமேல் கைகளை வைத்து அளிக்கப்படும் தீட்சை மூளையிலேயே மாற்றத்தை உண்டாக்குகிறது என்பது அக்கூற்று. 'நான்' என்னும் பிரிவுணர்வைத் தரும் பக்கமூளைப் பகுதி அடங்குகிறது. முன்மூளைப் பகுதி விழிப்படைகிறது. இதுவே முக்தி என்றனர். இவ்வாறு 64,000 பேர் விழிப்படைந்தால் மனுக்குலம் முழுவதும் மாறும் என்றும், 2012இல் பொற்காலம் பிறக்கும் என்றும் போதித்தனர்.

இக்கூற்றில் உண்மையின் சாயல் ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ நியூபெர்க், திபெத்தியப் பௌத்த முறையில் தியானிப்போர் 8 பேரை ஆராய்ந்து 2001இலும், பிரான்சிஸ்கன் கன்னியர் 3 பேரை ஆராய்ந்து 2003இலும் முடிவுகளை வெளியிட்டார். தியானத்திலும் செபத்திலும் முன்மூளையின் இயக்கம் மிகுவதையும் பக்கமூளையின் இயக்கம் குறைவதையும் அவர் கண்டார். ஆயினும் அவர்கள் நெடுங்காலப் பயிற்சியுடையோர். தொகையிலும் மிகச் சிலர். பிறர் கைவைத்ததால் உண்டான மாற்றம் அங்கு ஆராயப்படவில்லை. மேலும், மலரை முகரும்போதும் மூளையில் மாற்றம் நிகழ்கிறது. அம்மாற்றத்தைக் கொண்டு மலர் மெய்யா, கனவா என்று தீர்ப்பளிக்க இயலாது. அனுபவத்தின் உடற்குறி வேறு. அனுபவத்தின் ஊற்று வேறு.

தீட்சைதான் காரணம் என நிறுவ விரும்புவோர் செய்யத்தக்கது யாது? பயிற்சி பெற்றவர் ஒரு குழுவினர்மீதும், பயிற்சியற்றவர் மற்றொரு குழுவினர்மீதும் கைவைக்கவேண்டும். யார் கைவைத்தார் என்பதைப் பெறுவோரும், படங்களை ஆராய்வோரும் அறியலாகாது. அதன் பின்னும் வேறுபாடு தோன்றினால் அது சான்றாகும். பெற்றோரின் மகிழ்ச்சி சாட்சியம், மதிக்கத்தக்கதே, ஆனால் அறிவியற் சான்றன்று. அம்பத்தூர்ப் பட்டறையில் கடைசல் பிடிப்பவர், தாம் செய்த உறுப்பு சரியென்று தாமே சொல்லிவிட்டால் போதாது. அளவுகோல் அதை ஒப்பவேண்டும். மூளையைப்பற்றிய கூற்றுக்கு இதைவிடத் தளர்ந்த அளவையைக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

64,000 என்னும் எண்ணும் இத்தகையதே. விழிப்படைந்தோர் யார் எனச் சான்றளிப்பது இயக்கமே என்றால், எண்ணுவோரும் எண்ணப்படுவோரும் ஒருவரே ஆகின்றனர். 2012உம் வந்து கடந்தது. போரும் பசியும் நீங்கவில்லை. பொற்காலம் அகத்தே பிறந்துவிட்டது எனப் பொருள் மாற்றி உரைப்பது எளிது. எது நிகழ்ந்தாலும் பொய்யாகாத கூற்று ஆறுதல் தரலாம், அறிவியலாகாது.

இவ்வளவையை நம்மீதும் வைப்பதே நேர்மை. 1844 அக்டோபர் 22இல் கிறிஸ்து வருவார் என வில்லியம் மில்லரைப் பின்பற்றினோர் காத்திருந்தனர், பின்பு கலங்கினர். அந்நியபாஷை பேசும் பெந்தெகொஸ்தே பெண்கள் 5 பேரை நியூபெர்க் ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவில், முன்மூளையின் இயக்கம் குறைந்தது. முன்மூளை விழிப்பே தெய்விகத்தின் முத்திரையெனில், அப்பெண்களின் செபத்தை என்னென்பது? கன்னியரின் படத்தைக் காட்டி நம் விசுவாசத்தை மெய்ப்பிக்க முயல்வோரும் இவ்வினாவுக்கு விடைகூறவேண்டும். மூளைப்படம் யாருக்கும் வேதமாகாது.

இது ஏட்டளவான வாதமன்று. வலிப்பு நோயால் வருந்தும் பிள்ளையின் பெற்றோர், "மூளையையே மாற்றும்" என்னும் சொல்லைக் கேட்டால் அவர்கள் உள்ளத்தில் எழும் நம்பிக்கை எத்தகையது! அதனால் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே இடர் நேரலாம். தீட்சை மேடையாயினும், நம் சுகமளிக்கும் கூட்டமாயினும் இவ்வாபத்து ஒன்றே. ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் ஊழியஞ்செய்யும் போதகர், நோயாளிக்காகச் செபிக்கும் அதே வேளையில் மருத்துவரின் அனுமதியின்றி மருந்தை நிறுத்தலாகாது எனத் தெளிவாகக் கூறக் கடமைப்பட்டவர்.

அனைத்தையும் சோதித்து நல்லதைக் கைக்கொள்ளும்படி தெசலோனிக்கேயருக்குப் பவுல் அறிவுறுத்தினார். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று, 1976இன் 42ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 51அ பிரிவு நம் அரசியலமைப்பிலும் கூறுகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. அறிவியலின் ஆடையை அணிந்து வரும் போதனையை அறிவியலின் வாயிலிலேயே நிறுத்தி வினவுவது பிற சமய நிந்தையாகாது. அயலானுக்குச் செய்யும் அன்பின் பணியாகும்.