ஃபிளாஷ் பாயின்ட் என்கிற எண்ணை எப்படிப் படிப்பது?

வீட்டில் பெயின்ட் வேலைக்கு வாங்கிய டர்பன்டைன் டின்னுக்கான பாதுகாப்புத் தகவல் தாளைப் போன வாரம் தேடிப் படித்தேன். ஒன்பதாவது பகுதியில் ஒரு வரி: ஃபிளாஷ் பாயின்ட் 35 டிகிரி செல்சியஸ். அவ்வளவுதான். எந்தக் கருவியில் சோதித்தார்கள், கிண்ணம் மூடியதா திறந்ததா, ஒன்றும் இல்லை. ஈயம் 327 டிகிரியில் உருகும் என்பதுபோல, அந்தத் திரவத்தோடு கூடப் பிறந்த குணம் மாதிரி அந்த 35 உட்கார்ந்திருக்கிறது. என் புகார் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் சோதனையைப் பார்த்துவிடுவோம். பித்தளைக் கிண்ணத்தில் திரவத்தை ஊற்றி, மூடி, மெதுவாகச் சூடாக்குகிறார்கள். பென்ஸ்கி-மார்ட்டன்ஸ் கருவி என்றால் கலக்கிக்கொண்டே நிமிடத்துக்கு 5, 6 டிகிரி வீதம் ஏற்றுவது வழக்கம். குறித்த இடைவெளியில் மூடியிலிருக்கும் சின்னக் கதவு திறக்கும், ஒரு குட்டிச் சுடர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். எந்த வெப்பநிலையில் ஆவியின் மேல் 'பக்'கென்று தீ ஓடி அணைகிறதோ, அதுதான் ஃபிளாஷ் பாயின்ட். திரவம் தொடர்ந்து எரியணும்னு அவசியமில்லை. பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி காற்றில் சேர்ந்துவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஆவி சேர்வதுதான் விஷயம் என்றால், மூடி இருக்கா இல்லையா என்பது முடிவையே மாற்றும். திறந்த கிண்ணத்தில் ஆவி கலைந்து போய்விடும். அதனால் எண் கூடுதலாக வரும். இதற்குச் சரித்திரமே சாட்சி. பிரிட்டனில் விளக்குக்கான மண்ணெண்ணெயைக் கட்டுப்படுத்த 1868-இல் வந்த சட்டம், பிரடெரிக் ஏபெல் வகுத்த திறந்த கிண்ணச் சோதனையை வைத்தது. எல்லை 100 டிகிரி ஃபாரன்ஹீட். 1879-இல் அவருடைய மூடிய கிண்ணக் கருவி சட்டத்துக்குள் வந்தபோது எல்லை 73 ஆனது. எண்ணெய் அதே எண்ணெய்தான். கிண்ணத்துக்கு மூடி வந்தது, எண் 27 டிகிரி இறங்கியது. பழைய நூறுக்கு இந்த 73 சரியான ஈடுதானா என்று பிறகு பல வருஷம் சண்டை நடந்தது.

73 ஃபாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 22.8 செல்சியஸ். இன்றைக்கு உலக அளவில் ரசாயனங்களுக்கு லேபிள் ஒட்டும் ஜிஎச்எஸ் முறையில் முக்கியமான கோடு எங்கே விழுகிறது தெரியுமா? 23-இல். அதற்குக் கீழே என்றால் 'அபாயம்' என்ற சொல்லோடு முதல் இரண்டு பிரிவுகள். 23 முதல் 60 வரை மூன்றாம் பிரிவு, 'எச்சரிக்கை' மட்டும். நம்முடைய 1934-ஆம் வருடத்துப் பெட்ரோலியம் சட்டமும் இப்போதைய வடிவில் 23, 65, 93 என்று கோடு போட்டு ஏ, பி, சி வகுப்புகளைப் பிரிக்கிறது. மண்ணெண்ணெயும் டீசலும் பி வகுப்பு.

குளிர்ந்த ஊரில் 23 டிகிரி அறையின் வெப்பத்துக்கு மேல் நிற்கும் கோடு. சென்னையில் அது ஏசி ரிமோட்டில் வைக்கிற எண். மே மாதத்தில் வெளியே 40 டிகிரி சாதாரணம், தகரக் கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம். அங்கே 35 டிகிரி டர்பன்டைன் தன் கோட்டை எப்போதோ தாண்டியிருக்கும். லேபிள் மட்டும் இன்னும் அடக்கமாக 'எச்சரிக்கை' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இதைவிடக் குழப்பமான விஷயம் ஒன்று உண்டு. மூடிய பெட்ரோல் பீப்பாய்க்குள் ஆவி அளவுக்கு மீறி அடர்ந்திருக்கும்; போதிய காற்று இல்லாததால் உள்ளே பொதுவாகப் பற்றாது. வெளியே கசிந்தால்தான் பெரிய ஆபத்து. ஆனால் ஃபிளாஷ் பாயின்டைச் சற்றே தாண்டிய திரவத்தின் பீப்பாய்க்குள் ஆவியும் காற்றும் சரியாக வெடிக்கிற விகிதத்தில் இருக்கும். சாதுவான பிரிவு என்று நினைத்து, பாதி காலியான டிரம்மில் வெல்டிங் வைப்பவருக்கு இதை யார் சொல்வது?

1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸ் கிளம்பிய டிடபிள்யூஏ 800 விமானத்தில் நடந்தது இதுதான். ஜெட் ஏ எரிபொருளின் ஃபிளாஷ் பாயின்ட் குறைந்தது 38 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. அந்த போயிங் 747-இன் நடுத்தொட்டியில் கொஞ்சம் எரிபொருளே மிச்சம். தொட்டிக்கு அடியில் இருந்த ஏசி கருவிகள் தரையில் நீண்ட நேரம் ஓடி அதைச் சூடாக்கின. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைய, ஆவி பற்றுவதற்குத் தேவையான வெப்பநிலையும் குறைந்தது. 230 பேர் இறந்தார்கள். எது பற்றவைத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மின்கம்பிக் கோளாறு என்பதே விசாரணையின் கணிப்பு. ஆவி பற்றும் நிலையில் இருந்தாலும் பரவாயில்லை, தீப்பொறி வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதுதான் அதுவரை இருந்த வடிவமைப்பு நம்பிக்கை. தொட்டிக்குள் ஆவியே பற்றாதபடி கட்டுப்படுத்த வேண்டும் என்ற அமெரிக்க விதி 2008-இல்தான் வந்தது.

அப்ப இந்தச் சோதனையே வேண்டாமா? வேண்டும். டீசலில் கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் ஃபிளாஷ் பாயின்ட் சட்டென்று இறங்கிவிடும். கலப்படத்தைக் காட்டிக்கொடுக்க இவ்வளவு எளிய கருவி கிடைப்பது அரிது. ஒரே முறையில் சோதித்த இரண்டு திரவங்களை ஒப்பிடவும் நல்ல அளவுகோல். ஆனால் அது கிண்ணத்துக்குள் அமைதியாக இருக்கும் திரவத்தைப் பற்றிய பதில். அதே திரவத்தை ஸ்பிரே அடித்தால், துணியில் ஊறவிட்டால், கோட்டுக்குக் கீழேயே பற்றும்.

35 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'மூடிய கிண்ணம்' என்று இரண்டு சொல், 'உங்கள் அறை இதைவிடச் சூடாக இருக்கலாம்' என்று ஒரு வரி. தாளில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. படித்து முடித்ததும் மொட்டைமாடி அறையிலிருந்த டின்னைக் கீழே நிழலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதைச் செய்யச் சொன்னது லேபிள் இல்லை, சுவரில் தொங்கிய வெப்பமானி.